புரட்டிப் போட்ட N

கருமத்தம்பட்டி நால்ரோட்டு பேக்கரியில் சுப்பையன் காலையில் சொல்லும் பொய்க்கும் சாயங்காலம் சொல்லும் பொய்க்கும் வித்தியாசம் உண்டு. காலைப் பொய் சர்க்கரை போடாத டீயோடு வருவதால் கொஞ்சம் அடக்க ஒடுக்கமாக இருக்கும். சாயங்காலப் பொய்க்குத் தேங்காய் பன் துணை. அதனால் அது ஊரைத் தாண்டும், கடலைத் தாண்டும், சில நாள் சுவிட்சர்லாந்து வரைக்கும் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பி வரும்.

அந்தச் சுவிட்சர்லாந்து சமாச்சாரம் மட்டும் பொய் இல்லை. அதுதான் சுப்பையனின் கஷ்டம்.

நடந்தது இவ்வளவுதான். வருஷம் 1970. வால்பாறைக்கு மேலே மவுன்ட் ஏவன் என்று ஒரு டீ எஸ்டேட். வேலை செய்தவர்கள் வாயில் அது மொண்டாவன். அங்கே ஃபேக்டரியில் டீத்தூள் அடைத்த பலகைப் பெட்டிகளின் மேல் எஸ்டேட் பேரும் நம்பரும் போடுவது இருபது வயது சுப்பையனின் வேலை. ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு தகரத் தகடு இருக்கும். தகட்டின் நடுவில் எழுத்து ஓட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பெட்டியின்மேல் வைத்துக் கறுப்புப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் எழுத்து விழும். சுப்பையனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தகட்டுக்குத் தெரியும், அது போதும் என்று ஃபேக்டரியைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் சொல்லிவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் ரூடி என்று ஒரு சுவிஸ்காரர் வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். டீ பாக்கெட்டுக்குப் படம் போட ஏதோ கம்பெனி அனுப்பியதாகச் சொன்னார்கள். வந்தவர் டீயைக் குடிக்கவில்லை, தோட்டத்தைப் பார்க்கவில்லை. பெட்டிகளுக்கு முன்னால் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் ஒரு பெட்டியின் மூடியைக் கேட்டு வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி மலை இறங்கினார். முடிந்தது.

உண்மைக்கு இது ஒரு கெட்ட பழக்கம். சட்டென்று முடிந்துவிடும். கேட்டுக்கொண்டிருப்பவர் டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் தீர்ந்துபோகிற கதையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? சுப்பையன் கொஞ்சம் நீட்டினார். முதலில் ரூடி அவரிடம் ஒரு எழுத்தைக் கடனாகக் கேட்டார். மகள் மெர்சி பிறந்த வருஷம் அது பத்து எழுத்தானது. இங்கிலீஷில் மொத்தம் எத்தனை எழுத்து என்று விசாரித்துத் தெரிந்துகொண்டபின் இருபத்தாறும் போனது. மெர்சிக்குக் கல்யாணமாகி, சுப்பையனும் சம்சாரமும் எஸ்டேட்டை விட்டு அவள் வீட்டோடு கருமத்தம்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது, உலகத்தில் இருக்கிற ஏர்போர்ட் போர்டெல்லாம் சுப்பையன் கைவண்ணம் என்று ஆகியிருந்தது.

“சுவிஸ் பேங்க்ல பணம் போடறவன் எல்லாம் மொதல்ல என்ற எழுத்தைப் பாத்துட்டுத்தான் உள்ள போகோணும்” என்பார்.

“நீ அங்க பெட்டிக்குள்ள காயிதம் ஒட்டறதுக்குப் பசை காய்ச்சினவன்” என்பார் அங்கப்பன்.

அங்கப்பன் அதே எஸ்டேட்டில் செக்ரோல் எழுதியவர். அதாவது தினமும் யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் கூப்பிட்டுக் குறித்தவர். ரிட்டையர் ஆகி இருபது வருஷமாகியும் பேக்கரிக்கு வருபவர்களை மணி பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

“பசையுந்தான் காய்ச்சுனேன். இல்லேங்கல. அந்தப் பசையிலதான் இன்னைக்கும் அவன் நோட்டு ஒட்டறான்.”

பேக்கரி சிரிக்கும். அங்கப்பன் சிரிக்கமாட்டார். சுப்பையனுக்கு அங்கப்பன் நம்பாததைப் பற்றிக் கவலையில்லை. ஊரில் ஒருத்தரும் நம்பாதது பற்றியும் கவலையில்லை. நம்பினால் அடுத்த நாள் பெரிசாகச் சொல்ல முடியாது. அவருக்கு உறுத்தியது ஒரே ஆள். சம்சாரம் பாவாத்தாள்.

பாவாத்தாள் அதே மொண்டாவனில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர். புருஷன் சொல்வதைப் பொய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “செரீங்க” என்பார். அவ்வளவுதான். மழை வருது என்று சுப்பையன் சொன்னால், செரீங்க என்றுவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். போன வருஷம் நெஞ்சு வலிக்குது என்று சொன்னபோதும் முதலில் வந்தது செரீங்கதான். அப்புறம் பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஆட்டோ சொன்னார். வாயுதான் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குப் பாவாத்தாள் புருஷனைப் பார்த்த பார்வையை சுப்பையன் இன்னும் மறக்கவில்லை.

ஐம்பத்து மூன்று வருஷக் கல்யாணம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாயிலிருந்து ‘நெசந்தான்’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்ச் சேர வேண்டும். சுப்பையனுக்கு எழுபத்தைந்து வயசில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேக்கரி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட இளம்பெண் இறங்கி, “இங்கே சுப்பையன்னு ஒரு ஐயா...” என்று ஆரம்பித்தாள். பேக்கரி மொத்தமும் கையை நீட்டிக் காட்டிக்கொடுத்தது.

பெண்ணின் பேர் தேஜஸ்ரீ. கோயமுத்தூரில் ஒரு டிசைன் காலேஜில் பாடம் எடுப்பவள். தாத்தா சுந்தரராஜுலு நடத்தி மூடிய ஸ்பின்னிங் மில்லின் பஞ்சு குடோனைச் சுத்தம் செய்து, அதில் போன நூற்றாண்டு உலகப் போஸ்டர்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறாள். சுவரில் ஒட்டுகிற போஸ்டர்தான். ஆனால் இவை கண்ணாடி சட்டம் போட்டு, ஏ.சி. போட்டு, சூரிச்சிலிருந்து விமானத்தில் வரும் போஸ்டர்கள்.

“எஸ்டேட் ஆபீஸ்ல விசாரிச்சேங்க. அட்ரஸ் தெரியாது, கருமத்தம்பட்டி பேக்கரியில போய் யாரு ரொம்பப் பேசறாங்கன்னு பாருங்கன்னாங்க” என்று சொல்லிக்கொண்டே போனை நீட்டினாள்.

போனில் ஒரு படம். வெள்ளைத் தாள். நடுவில் கறுப்பாய் ஓர் ஆள் உயர N. ஆனால் அது திரும்பியிருந்தது. N என்றால் நடுக்கோடு இடது பக்கம் மேலே ஆரம்பித்து வலது பக்கம் கீழே இறங்க வேண்டும், வால்பாறை பஸ் ஆழியாறுக்கு இறங்குகிற மாதிரி. இது கீழே ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“இது 1971ல சுவிட்சர்லாந்து பாசல் நகரத்துல வந்த போஸ்டருங்க ஐயா. ரூடி அம்ஸ்லர்னு ஒரு டிசைனர் பண்ணினது. இந்த ஒரு எழுத்தைப் பத்தி மட்டும் ஒரு புஸ்தகம் வந்திருக்கு. அவரோட நோட்டுல ஒரு வரி கிடைச்சுது. ‘மவுன்ட் ஏவன் எஸ்டேட், டீப்பெட்டி மூடி, பிரஷ் பிடித்த பையன் சுபாயா.’ நீங்கதானே?”

 தன் கதையைத் தன்னைத் தவிர இன்னொருத்தர் வாயால் கேட்பது, செத்துப்போன நாய் வீட்டுக்குத் திரும்பி வந்து வாலாட்டுகிற மாதிரி இருந்தது. சந்தோஷப்படுவதா, ஓடுவதா என்று சுப்பையனுக்குத் தெரியவில்லை.

“நாந்தானுங்க அம்மணி” என்றார் கடைசியில், குற்றம் ஒத்துக்கொள்கிற குரலில்.

அங்கப்பன் எழுந்து வந்து போனை வாங்கி, கண்ணாடியை மேலேற்றிவிட்டுப் பார்த்தார். “இதுல தப்பா இல்ல இருக்குது?” என்றார்.

“அதாங்க ஐயா அதோட அழகே” என்றாள் தேஜஸ்ரீ.

“தப்பா எழுதறதுக்குப் பேரு அழகுன்னா, எங்கூட வேலை பாத்தவிய எல்லாம் பேரழகனுங்க” என்று அங்கப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அன்று சுப்பையனை மணி பார்க்காமலே உட்காரச் சொன்னார்.

சனிக்கிழமை திறப்பு விழா. அந்த N பற்றிப் புத்தகம் எழுதிய உர்சுலா அம்மாவே சூரிச்சிலிருந்து வருகிறார். சுப்பையன் மேடையில் உட்கார வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பாவாத்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, “செரீங்க” என்றார்.

“பாவாத்தா, இது நெசம். கார்ல வந்து சொன்னாங்க.”

“செரீங்க.”

“வேணும்னா அங்கப்பனைக் கேளு.”

பாவாத்தாள் கீரையைக் கீழே வைத்தார். “நானே வாரேன். கண்ணால பாக்கறேன், காதால கேக்கறேன். நெசம்னா நெசம்னு அத்தனை பேரு முன்னாலயும் என்ற வாயால சொல்லிப்போடறேன். பொய்யாயிருந்துச்சு, இனி பேக்கரியில டீ குடிக்கலாம், பன்னு திங்கலாம், வாயைத் தொறந்து கதை சொல்லக்கூடாது. சம்மதமுங்களா?”

சுப்பையன் ஒரு கீரைக் காம்பை எடுத்துக் கிள்ளினார். கதை சொல்லாமல் டீ எப்படி உள்ளே இறங்கும்? ஆனால் ஜெயித்தால் கிடைப்பது நெசந்தான் என்ற வார்த்தை. சம்மதம் என்றுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு சுப்பையன், பாவாத்தாள், வேலையைக் கெடுத்துக்கொண்டு கூடவே வந்த அங்கப்பன் மூவரும் பஞ்சு குடோனுக்குள் நுழைந்தார்கள். அங்கப்பனுக்கு ஒரு வேலையும் கிடையாது; இருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

விழாவுக்கு நேரமிருந்ததால் தேஜஸ்ரீ சுற்றிக் காட்டினாள். முதலில் ரஷ்யா. முக்கோணமும் வட்டமும் ஒன்றை ஒன்று குத்திக்கொண்டிருந்தன. அடுத்தது ஜெர்மனி. “இந்த ஸ்கூல்ல பெரிய எழுத்தே வேண்டாம், எல்லாம் சின்ன எழுத்துலதான்னு முடிவு பண்ணிட்டாங்க” என்றாள்.

“எங்க எஸ்டேட்லயும் ஒரு மழைக்கு அப்படி ஆச்சுங்க. பெரிய எழுத்துத் தகடு அஞ்சாறை எலி இழுத்துட்டுப் போயிருச்சு” என்றார் சுப்பையன்.

“தகரத்தையா?” என்றார் பாவாத்தாள்.

“எஸ்டேட் எலி.”

“செரீங்க.”

லண்டன் ரயில் மேப்புக்கு முன்னால் அங்கப்பன் வெகுநேரம் நின்றார். கலர் கலராய்க் கோடுகள், நேராகவும் சாய்வாகவும். “இது நம்ம மோட்டாருக்குக் காயில் கட்டற படமாச்சே. எந்த கம்பெனி மோட்டாரு?”

“இதை வரைஞ்சவர் எலக்ட்ரிக்கல் டிராயிங் போட்டவர்தாங்க ஐயா” என்றாள் தேஜஸ்ரீ ஆச்சரியமாக. அங்கப்பன் அன்று முழுக்க அந்த ஆச்சரியத்தை ஒரு மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஜப்பானின் ஒலிம்பிக் போஸ்டரில் பெரிய சிவப்பு வட்டம், கீழே தங்க நிறத்தில் ஐந்து வளையம். பாவாத்தாள் அதைப் பார்த்துவிட்டு, “பொட்டு வெச்சாங்க செரி. மூஞ்சி எங்க?” என்றார்.

கடைசிச் சுவர் முழுக்க சுவிஸ். வாலும் கொம்பும் இல்லாத மொழுமொழு எழுத்துகள், கண்ணுக்குத் தெரியாத கட்டம் போட்டு அதற்குள் அடுக்கியவை. தேஜஸ்ரீயின் குரலே மாறிவிட்டது. “இந்தப் பாணிதாங்க உலகம் பூரா பரவுச்சு. அலங்காரமே கிடையாது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லணும். எழுத்தெல்லாம் இடது பக்கம் வரிசையா நிக்கும். வலது பக்கம் எப்படி வேணா முடியும்.”

“சாயங்கால வெயிலுக்கு பஸ்ஸுல எல்லாரும் ஒரே பக்கமா உக்காந்த மாதிரி” என்றார் சுப்பையன்.

“பாக்கி இத்தனை எடத்தையும் எதுக்குக் கண்ணு சும்மா உட்டுட்டாங்க?” என்றார் பாவாத்தாள்.

“அந்த வெள்ளைதாங்கம்மா முக்கியம். அதுதான் எழுத்துக்கு மூச்சு விட இடம் கொடுக்குது.”

“நம்மூரா இருந்தா இந்நேரம் சைட் போட்டு வித்திருப்பாங்க” என்றார் அங்கப்பன்.

அப்புறம் அந்த N. போனில் பார்த்தது வேறு, நேரில் வேறு. ஆறடி உயரத்தில் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பலகை மூடி. MOUNT AVON. இரண்டு N-உம் திரும்பியிருந்தன. சுப்பையன் பாவாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். பாவாத்தாள் மூடியைப் பார்த்தார், N-ஐப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

“பலகை நம்ம எஸ்டேட்டுதான். எழுதுனது நீங்கன்னு பலகை சொல்லுதா?” என்று கேட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

உர்சுலா அம்மா வந்தார். எழுபது வயசு, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, தலை முதல் கால் வரை கறுப்பு உடை. ஆருங்க இவிய வீட்ல தவறிட்டாங்க என்று பாவாத்தாள் அங்கப்பனிடம் விசாரிப்பது மேடை வரைக்கும் கேட்டது.

உர்சுலா அம்மா பேசப் பேச தேஜஸ்ரீ தமிழில் சொன்னாள். N என்றால் நார்த், வடக்கு. உலகத்தின் வடக்கு தெற்கை ஆண்டது. அந்த வடக்கை ஒரு தெற்கத்தித் தொழிலாளி தன் பிரஷ்ஷால் திருப்பிப் போட்டான். இறங்குகிற கோட்டை ஏற வைத்தான். இது நூற்றாண்டின் மிக அமைதியான கலகம். இதை ரூடி கண்டுகொண்டார். நான் நூற்று நாற்பது பக்கத்தில் எழுதினேன். இன்றைக்கு அந்தக் கலகக்காரரே இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கலகக்காரர் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

“ஒரே கேள்வி” என்றார் உர்சுலா அம்மா. “அந்த எழுத்தைத் திருப்பினபோது உங்கள் மனசில் என்ன இருந்தது?”

தேஜஸ்ரீ மைக்கை மூடிக்கொண்டு குனிந்து கிசுகிசுத்தாள். “ஐயா, எதிர்ப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விழா மலர்லயும் அப்படித்தான் அச்சடிச்சிருக்கு.”

சுப்பையன் மைக்கைக் கையில் வாங்கினார். ஒரு வார்த்தை என்ன, ஒன்பது கதை அவர் வாயில் வரிசை கட்டி நின்றது. எஸ்டேட் தொரை சாட்டையால் அடித்தது. அடித்த சாட்டையைப் பிடுங்கியது. அதைப் பெயின்ட்டில் முக்கி எழுதியது. சாயங்காலக் கதையிலேயே முதல்தரம். தேங்காய் பன்னே தேவையில்லை. வாயைத் திறந்தார், இரண்டாவது வரிசையில் கட்டிய கை கண்ணில் பட்டது.

ஹாலில் இருநூறு பேர் இருந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மொண்டாவன் தெரியாது. தெரிந்த அந்த ஒருத்தரோ, தொரை சாட்டை வைத்திருக்கவில்லை, சைக்கிள்தான் வைத்திருந்தார் என்று அறிந்தவர். அங்கப்பனைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் மறுபடி மோட்டார் படத்தைப் பார்க்கப் போயிருந்தார்.

“அட்டைங்க” என்றார் சுப்பையன்.

தேஜஸ்ரீ திகைத்தாள். “ஐயா?”

“அட்டை. ரத்தம் உறிஞ்சற அட்டை. சொல்லுங்க அம்மணி, அவியளுக்கு.”

அவள் சொன்னாள். உர்சுலா அம்மா தலையசைத்துக் குறிப்பெடுத்தார். ரத்தம் உறிஞ்சுவது என்றதும் அவருக்கு நம்பிக்கை கூடியதாகத் தெரிந்தது.

“தகட்டுல தெனமும் பெயின்ட் தட்டித் தட்டி, ராத்திரி காஞ்சு, ஏடு கட்டி, தகடு வளைஞ்சுக்குங்க. அடுத்த நாள் பெட்டிமேல படியாது. அதுக்கு சீமெண்ணெய் ஊத்திக் கழுவோணும். வாரத்துக்கு ஒரு பாட்டில் குடுத்தாங்க. நான் கழுவல. அந்தச் சீமெண்ணெயக் காலுல பூசிட்டேன். பூசினா அட்டை ஏறாது. கழுவாத தகட்டைப் புரட்டிப் போட்டா வளைவு அந்தாண்ட போயிரும், இன்னொரு நாளைக்கு ஓடும். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களா, எது முன்பக்கம் எது பின்பக்கம்னு நான் எங்க பாத்தேன்?”

தேஜஸ்ரீ சீமெண்ணெயில் சற்றுத் தடுமாறி, மற்றதைச் சொல்லி முடித்தாள். 

“ஆனால் N மட்டும்தானே திரும்பியிருக்கிறது?” உர்சுலா அம்மாவின் குரல் மெலிந்திருந்தது.

“எல்லாத்தையுமே புரட்டுனதுதானுங்க. M-ஐப் புரட்டினா M. O-வைப் புரட்டினா O. U, T, A, V எல்லாம் நல்ல புள்ளைங்க. முதுகைக் காட்டினாலும் மூஞ்சி மாதிரியே இருக்கும். இந்த N ஒண்ணுதான் காட்டிக் குடுத்துருச்சு. நம்பர் தகட்டை மட்டும் தொடைச்சுருவேன், அதை டீமேக்கர் பாப்பாரு. கொச்சி ஏலத்துல டீயைத்தான் குடிச்சாங்க, பெட்டியை ஆரும் படிக்கல.”

உர்சுலா அம்மா கண்ணாடிப் பெட்டிக்குப் போய், பலகையின் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் காற்றில் புரட்டிப் பார்த்தார். எம். ஓ. யூ. விரல் நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று தண்ணீர் எடுக்க ஓடினார்கள். திரும்பினபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணீர் வழிய வழிய இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

“நூத்து நாப்பது பக்கம்னு சொல்றாங்க” என்றாள் தேஜஸ்ரீ. அவள் கையில் இருந்த விழா மலர் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது. “இன்னொண்ணும் கேக்கறாங்க. ஃபேக்டரிக்குள்ள அட்டை ஏது? காலுல எதுக்குப் பூசினீங்கன்னு.”

இதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று சுப்பையன் நினைத்திருந்தார். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“ஃபேக்டரியிலிருந்து ஏழாம் நம்பர் டீக்காட்டுக்குச் சோலைக்குள்ள ஒரு குறுக்குத் தடம் இருந்துச்சுங்க. அட்டைக் காடு. ஏழாம் நம்பர்ல ஒரு புள்ள கொழுந்து கிள்ளிட்டு இருந்துச்சு. அதைப் பாக்க மத்தியானம் போயிட்டு வருவேன்.”

“அந்தப் பெண் என்ன ஆனாங்கன்னு கேக்கறாங்க.”

“ரெண்டாவது வரிசையில கையைக் கட்டிட்டு உக்காந்திருக்குதுங்க.”

இருநூறு தலையும் திரும்பின. உர்சுலா அம்மா பாவாத்தாளுக்கு முன்னால் போய், இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைத்தார். கைதட்டலில் குடோனின் கூரைத் தகரம் அதிர்ந்தது. சுப்பையன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை பேர் முன்னாலும் சொல்வதாகத்தானே பேச்சு? இதோ அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

பாவாத்தாள் எழுந்தார். முந்தானையை உதறிச் செருகினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

லட்சுமி மில்ஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில்தான் ஏறினார் பாவாத்தாள். அங்கப்பன் நிலைமையைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு சோலி இருக்குது என்று சொல்லி முன்பக்கம் போய் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

பீளமேடு போனது. ஹோப் காலேஜ் போனது.  பாவாத்தாளிடமிருந்து ஒரு செரீங்க கூட வரவில்லை. செரீங்க இல்லாத பாவாத்தாளை சுப்பையன் இதுவரை பார்த்ததில்லை.

சின்னியம்பாளையம் தாண்டியபின் ஜன்னலைப் பார்த்தபடியே பாவாத்தாள் சொன்னார்.

“அப்போ மந்திரம் இல்லீங்களா?”

சுப்பையனுக்கு உடனே புரியவில்லை.

“ஏழாம் நம்பர் காட்டுல மொத நாளு வந்தீங்க. எங்க எல்லாத்துக்கும் கால் பூரா ரத்தம். உங்க காலுல ஒரு கடி இல்ல. எப்படீன்னு கேட்டேன். மலையாளத்துல ஒரு பெரியவர்கிட்டக் கத்துக்கிட்ட மந்திரம், அட்டை பக்கத்துலயே வராதுன்னீங்க. சீமெண்ணெய் வாசம் வருதேன்னேன். மந்திரம் சொன்னா அந்த வாசம் அடிக்கும்னீங்க.”

 அப்படிச் சொன்னது சுப்பையனுக்கே மறந்துபோயிருந்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ சொல்லிவிட்டாரே.

“ஐம்பத்து மூணு வருசத்துல நீங்க சொன்னதுல நான் நம்புனது அது ஒண்ணைத்தானுங்க. எங்கப்பன் குடுக்கமாட்டேன்னப்ப, மந்திரம் தெரிஞ்ச மனுசன்னு நான்தான் மூணு நாளு சோறு திங்காம அடம் புடிச்சேன்.” முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். “நெசம் சொன்னீங்க, கேட்டேன். கையில ஒரு பாட்டில் சீமெண்ணெய் வெச்சிருந்திருக்கீங்க. என்ற காலுக்கு ஒரு சொட்டு ஊத்தத் தோணலையேங்க?”

நீலாம்பூரில் பஸ் நின்று இரண்டு பேரை இறக்கிவிட்டுக் கிளம்பியது. இருநூறு பேர் முன்னால் உண்மை சொன்னதற்கு உர்சுலா அம்மா சிரித்தார், கூரை அதிர்ந்தது, அங்கப்பன்கூட முதுகில் தட்டினார். அதே உண்மை இந்த ஸீட்டில் வந்து உட்கார்ந்ததும் மூஞ்சி வேறாக இருந்தது. ஒரு சொட்டு ஊற்றியிருந்தால் மந்திரம் பொய் என்று தெரிந்துபோயிருக்கும், அதனால்தான் ஊற்றவில்லை. அதுதான் நிஜம். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“இந்தா பாரு பாவாத்தா. மந்திரம் இருந்துச்சு.”

பாவாத்தாள் திரும்பவில்லை.

“இருந்துச்சு. ஆனா அது ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்குத்தான் புடிக்கும். நான் அதை என்ற காலுக்குப் போட்டுக்கல. தெனமும் உன்ற காலுக்குப் போட்டேன். எனக்கு மந்திரம் மிச்சமில்லாமத்தான் சீமெண்ணெய் பூசுனேன். மேடையில அதைச் சொன்னா வெள்ளைக்காரம்மாவுக்குப் புரியுமா? அதனால உட்டுட்டேன்.”

பாவாத்தாள் மெதுவாகத் திரும்பினார். “என்னைத்தான் கடிச்சுதே?”

“போடாம இருந்திருந்தா இன்னும் எத்தனை கடிச்சிருக்கும்?”

பாவாத்தாள் யோசித்தார். அரசூர் வருகிற வரைக்கும் யோசித்தார். ஒரு கொழுந்துக் கூடையை எடை போடுகிற மாதிரி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

“எங்கூட கிள்ளுன நாச்சியம்மாளுக்கு என்னைவிட ரெண்டு மடங்கு கடி” என்றார்.

“பாத்தியா?”

“நெசந்தான்.”

சுப்பையன் முன்ஸீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. வாயு இல்லை.

“செரி, அந்த மந்திரத்தைச் சொல்லுங்க கேக்கலாம்” என்றார் பாவாத்தாள், வெற்றிலைப் பையைத் திறந்துகொண்டே. “இத்தனை வருசமா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.”

“ஓடற வண்டியில சொன்னா பலிக்காது. எறங்கிச் சொல்றேன்.”

பாவாத்தாள் தலையாட்டினார். பஸ் கணியூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கருமத்தம்பட்டிக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது. சுப்பையனுக்கு இரண்டு போதும்.